வாடகை 100, வாடகை 88: எந்த வீடு மலிவு?

கேள்வி: நகரத்தின் ஒரே பகுதியில் இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்தாவது மாடி ஃபிளாட். லிஃப்ட் இருக்கிறது, ரயில் நிலையம் நடக்கிற தூரம். இன்னொன்று நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, ஒரு தனிவீட்டின் மாடிப் போர்ஷன். இரண்டிலும் இரண்டு படுக்கையறை, இரண்டும் 1,000 சதுர அடி என்கிறார்கள். ஃபிளாட்டுக்கு வாடகை அதிகம். பராமரிப்புக் கட்டணமும் வண்டி நிறுத்தும் கட்டணமும் தனி. ஆனால் முன்பணம் 3 மாதம்தான், வாடகை ஏற்றம் வருடத்துக்கு 5 சதவீதம். தனிவீட்டுக்கு வாடகை குறைவு, பராமரிப்பு கிடையாது. முன்பணம் 10 மாதம், தரகருக்கு ஒரு மாத வாடகை, காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம், ஏற்றம் வருடத்துக்கு 10 சதவீதம். தனிவீடுதான் லாபம் என்கிறார் கணவர். அந்தத் தனிவீட்டில் கீழே ஆறு வருடமாகக் குடியிருப்பவர்கள், எங்களிடம் கேட்கும் வாடகையில் முக்கால் பங்குதான் கொடுக்கிறார்களாம். இது நியாயமா? வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகை தாண்டக்கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஃபிளாட்டுக்குப் போனால் கட்டணங்களோடு சேர்த்து 34 ஆகிவிடுகிறது. மாமியாருக்கு 71 வயது, மூட்டுவலி. மகன் இரண்டாம் வகுப்பு. இரண்டு வருடமாவது இருப்போம். ஒப்பந்தத்தை யார் பெயரில் போடுவது என்பதையும் சொல்லுங்கள். தொகைகளை மட்டும் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு எல்லா விவரத்தையும் தெளிவாக அனுப்பியிருந்தீர்கள், நன்றி. நீங்கள் கேட்டுக்கொண்டபடி தொகைகளை மறைத்துவிட்டு, ஃபிளாட்டின் மாத வாடகையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் தனிவீட்டின் வாடகை 88. ஃபிளாட்டின் பராமரிப்புக் கட்டணம் 12, வண்டி நிறுத்த 5. மற்றவர்களும் தங்கள் தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ள இது வசதி.

உங்கள் கணவர் 117-ஐயும் 88-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். 29 மிச்சம் என்றால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் 88 என்பது மாதாமாதம் வீட்டுக்காரர் கைக்குப் போகும் பணம் மட்டும்தான். அந்த வீட்டில் குடியிருப்பதால் உங்கள் கையை விட்டுப் போகும் மொத்தப் பணம் வேறு. அதைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

முதலில் முன்பணம். திரும்பி வரும் பணம்தானே என்று பலர் இதைச் செலவில் சேர்ப்பதே இல்லை. வங்கியில் போட்டிருந்தால் வட்டி வந்திருக்கும் பணம் அது. வருடத்துக்கு 6 சதவீதம் வட்டி என்று வைத்தால், ஃபிளாட்டின் 300-க்கு மாதம் 1.5, தனிவீட்டின் 880-க்கு மாதம் 4.4 இழக்கிறீர்கள். கடன் வாங்கி முன்பணம் கொடுப்பதாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும். முன்பணமும் வாடகையும் எந்த அளவுக்கு ஒன்று என்பதற்குத் தென்கொரியாவின் ஜியோன்சே முறையே சாட்சி. வீட்டு விலையில் பெரும்பங்கை முன்பணமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகையே இல்லாமல் அங்கே குடியிருக்கலாம். வீட்டுக்காரருக்கு அந்தப் பணத்தின் பலன்தான் வாடகை. எனவே 10 மாத முன்பணம் கேட்பவர், வாடகையில் ஒரு பகுதியை வேறு வழியில் வாங்கிக்கொள்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒரே தடவை போகும் செலவுகள். தரகுக்கு 88, வெள்ளையடிப்புக்கு 88. இரண்டு வருடம் இருந்தால் ஒவ்வொன்றும் மாதத்துக்கு 3.7 ஆகிறது. ஒரே வருடத்தில் காலி செய்ய நேர்ந்தால் இரண்டு மடங்காகிவிடும்.

நிலையத்துக்கும் பள்ளிக்கும் போய்வர மாதம் 8 கூடுதலாகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் மோட்டார் மின்சாரமும் தொட்டி சுத்தம் செய்யும் கூலியும் உங்கள் பொறுப்பு, அதற்கு 2 வைக்கிறேன். மாடிப் போர்ஷனுக்கு நேர் மேலே மொட்டைமாடி. அதனால் கூடும் மின்கட்டணத்துக்கு 5. இந்த 2-ம் 5-ம் நான் உத்தேசமாகப் போட்டவை. முன்பு குடியிருந்தவர்களின் ஒரு வருட மின்கட்டண ரசீதுகளை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம். ரசீதைக் காட்ட மறுப்பவரிடம் வேறு விஷயங்களிலும் கவனமாக இருப்பது நல்லது.

இப்போது இரண்டு வருடக் கணக்கு. ஃபிளாட்டின் வாடகை இரண்டாம் வருடம் 105 ஆகிறது, சராசரி 102.5. கட்டணங்கள் 17, முன்பணத்தின் வட்டி 1.5, ஆக 121. தனிவீட்டின் வாடகை இரண்டாம் வருடம் 96.8, சராசரி 92.4. அதோடு மேலே சொன்ன 4.4, 3.7, 3.7, 8, 2, 5 எல்லாம் சேர்ந்தால் 119 சொச்சம்.

29 என்று தெரிந்த வித்தியாசம் 2-க்கு வந்துவிட்டது. ஒரே வருடத்தில் காலி செய்தால் தனிவீடு மாதத்துக்கு 122 வரை போகிறது, ஃபிளாட் 118.5-இல் நிற்கிறது. சரி, நீண்ட நாள் இருந்தால் தரகும் வெள்ளையடிப்பும் பரவலாகி தனிவீடு லாபமாகுமே என்று தோன்றும். ஐந்து வருடத்துக்கும் போட்டுப் பார்த்தேன். தனிவீடு ஏறக்குறைய 130, ஃபிளாட் 129. பராமரிப்புக் கட்டணம் கூடாமல் இருந்தால் இந்தக் கணக்கு.

தனிவீட்டின் சாதகத்தைத் தின்றுவிடுவது அந்த 10 சதவீத ஏற்றம்தான். 88-இல் தொடங்கும் வாடகை ஐந்தாம் வருடம் 129-ஐ நெருங்கிவிடும். 5 சதவீதத்தில் ஏறும் ஃபிளாட்டின் வாடகை அப்போது 122-தான் ஆகியிருக்கும். அதே தனிவீட்டில் ஏற்றம் 5 சதவீதமாக இருந்திருந்தால் ஐந்து வருடச் சராசரி மொத்தச் செலவு 120-க்குள் நின்றிருக்கும். மாதத்துக்கு 9-க்கு மேல் உண்மையான மிச்சம். வீடு பார்க்கப் போகிறவர்கள் முதல் மாத வாடகையில் ஒன்றிரண்டு குறைக்க மணிக்கணக்கில் பேசுகிறார்கள், ஏற்றம் எழுதிய வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். ஒப்பந்தங்களைப் பார்த்துத் தருவதே என் தொழில் என்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கஷ்டப்படுகிறது. பேரம் பேச ஒரே ஒரு விஷயத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் ஏற்றத்தைப் பேசுங்கள். இரண்டாவதாக முன்பணம். வாடகை மூன்றாவதுதான்.

வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வாரா என்றால், அவர் பக்கத்துக் கணக்கை அவருக்கே காட்டலாம். இரண்டாம் வருடம் 10-க்குப் பதில் 5 சதவீதம் ஏற்றினால் அவருக்கு மாதம் 4.4 குறையும், வருடம் முழுக்க 53. வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே அவருக்கு 88 போய்விடும். இரண்டு வருடம் இருப்போம், மாதம் பிறந்ததும் வாடகை வந்துவிடும் என்று உறுதி சொல்லும் குடும்பத்துக்கு 53-ஐ விட்டுக்கொடுப்பது அவருக்கு நஷ்டமே இல்லை. இதைச் சண்டை போடாமல், ஒரு தாளில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். வாடகையைக் குறை என்றால் வீட்டுக்காரர்களுக்கு முகம் சுருங்கும். அடுத்த வருடத்து ஏற்றத்தைப் பற்றிப் பேசும்போது அவ்வளவு சுருங்குவதில்லை.

கீழ் வீட்டுக்காரர்கள் முக்கால் பங்கு கொடுப்பது உங்களை உறுத்துகிறது, புரிகிறது. பெரும்பாலும் இது ஏமாற்று அல்ல. பல வருடம் இருப்பவர்களுக்கு வீட்டுக்காரர்கள் சந்தை வேகத்தில் ஏற்றுவதில்லை. நம்பகமான குடும்பம் போய்விடக் கூடாது என்ற எண்ணம் அவர்களுக்கும் உண்டு. ஏற்ற நினைத்ததையெல்லாம் ஆள் மாறும்போது ஒரேயடியாக ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் விலைவாசிக் குறியீட்டுக்காகத் தொழிலாளர் புள்ளியியல் துறை ஒவ்வொரு வாடகை வீட்டையும் 6 மாதத்துக்கு ஒருமுறை விசாரிக்கிறது. அந்தத் தரவை வைத்து 2022-இல் வெளியான ஆய்வில், புதிதாகக் குடிவருகிறவர்களின் வாடகை முதலில் ஏறுகிறது, எல்லாக் குடியிருப்பவர்களின் சராசரி அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் பின்தங்கி வருகிறது என்று தெரிந்தது. ஒரே பகுதியில் ஒரே சமயத்தில் இரண்டு வாடகைகள் நிலவுவது எங்கும் நடப்பதுதான்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு பயன் உண்டு. இணையத்தில் பார்க்கும் விளம்பர வாடகை, வீட்டுக்காரர் எதிர்பார்க்கும் தொகை. சரியான வாடகையில் விடப்பட்ட வீடு சீக்கிரம் விளம்பரத்திலிருந்து போய்விடும். விலை கூடிய வீடுதான் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். விளம்பரங்களின் சராசரியைப் பகுதியின் வாடகை என்று எடுத்துக்கொண்டால் எப்போதும் கூடுதலாகத்தான் தெரியும். ஜெர்மனியின் பல நகரங்கள் மீட்ஷ்பீகல் என்ற வாடகைப் பட்டியலை வெளியிடுகின்றன. விளம்பரத் தொகைக்கு அதில் இடமில்லை. கடந்த 6 ஆண்டுகளில் உண்மையாகவே ஒத்துக்கொண்ட வாடகைகளையும், அந்தக் காலத்தில் மாற்றிய வாடகைகளையும் வைத்தே அதைத் தயாரிக்கிறார்கள். 2020-க்கு முன்பு 4 ஆண்டுகளைப் பார்த்தார்கள். அப்படி ஒரு பட்டியல் இல்லாத ஊரில் அந்த வேலையை நாமே சிறிய அளவில் செய்துகொள்ள வேண்டியதுதான். அந்தத் தெருவில் போன ஒரு வருடத்துக்குள் குடிவந்த மூன்று நான்கு குடும்பங்களிடம் விசாரியுங்கள். காவலாளி, துணி தேய்ப்பவர், குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்று யாராவது வழிகாட்டுவார்கள். ஆறு வருடக் குடித்தனக்காரரின் வாடகையை உங்களுக்குக் கேட்காதீர்கள், கிடைக்காது. புதிதாக வந்தவர்கள் 80 கொடுத்திருந்தால் அதைத் தைரியமாகச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனதும் வாடகை குறைவதற்கும் காரணம் எளிது. 1826-இல் ஜெர்மானியரான யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் தூனன், சந்தையிலிருந்து விலக விலக விளைநிலத்தின் குத்தகை எப்படிக் குறைகிறது என்று எழுதினார். 1964-இல் வில்லியம் அலோன்சோ அதே யோசனையை நகரத்து நிலத்துக்குப் பொருத்தினார். போக்குவரத்துக்கு ஆகும் செலவும் நேரமும் எவ்வளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அந்த அளவுக்கு இடத்தின் வாடகை இறங்கும். உங்கள் கணக்கையே பாருங்கள்: வாடகை குறைந்தது 12, பயணத்தில் கூடியது 8. இந்த 8-இல் உங்கள் நேரத்துக்கு எந்த மதிப்பும் போடவில்லை.

30 சதவீத விஷயத்துக்கு வருகிறேன். அது எல்லாக் குடும்பங்களுக்கும் வகுத்த விதி அல்ல. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருந்த ஏழைகளிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக்கூடாது என்று 1969-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்தது. 1981-இல் அந்த வரம்பை 30 ஆக்கினார்கள். பிறகு அது எல்லோருக்குமான அளவுகோல் போலப் பரவிவிட்டது. இரண்டு மடங்கு வருமானம் உள்ளவர் 40 சதவீதம் கொடுத்தும் நிம்மதியாக இருக்கலாம். குறைந்த வருமானக்காரருக்கு 25-ஏ கழுத்தை நெரிக்கும். சிகாகோவில் இயங்கும் அண்டைப்பகுதித் தொழில்நுட்ப மையம் என்ற அமைப்பு, வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருந்தால் தாங்கலாம் என்கிறது. வீட்டை மட்டும் தனியாகப் பார்ப்பதைவிட இது எனக்குச் சரியாகப் படுகிறது.

உங்கள் ஃபிளாட்டின் 117, வருமானத்தில் 34 சதவீதம். தனிவீட்டின் 88, 26-க்கும் குறைவு. பார்க்க எவ்வளவு பாதுகாப்பாகத் தெரிகிறது! ஆனால் இரண்டு வருடச் சராசரியில் தனிவீட்டின் முழுச் செலவும் 34-ஐத் தாண்டுகிறது. ஃபிளாட் 35-ஐத் தொடுகிறது. கணவரிடம் இந்த இரண்டு எண்களை மட்டும் காட்டுங்கள். வீட்டுக் கடனோ பெரிய மருத்துவச் செலவோ இல்லாத பட்சத்தில் 35 தாங்கக்கூடியதே. வேறு கடன் தவணை ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, கொஞ்சம் சிறிய வீடாகப் பாருங்கள் என்பேன்.

பரப்பளவையும் சொல்லாமல் விட முடியாது. இரண்டும் 1,000 சதுர அடி என்றாலும் இரண்டும் ஒரே அளவாக இருக்காது. ஃபிளாட்டில் சொல்லும் அளவில் சுவர், படிக்கட்டு, லிஃப்ட், பொது நடைபாதை எல்லாவற்றிலும் ஒரு பங்கு சேர்ந்திருக்கும். உள்ளே கால் வைத்து நடக்கும் இடம், அதாவது கார்பெட் ஏரியா, 750-தான் இருந்தாலும் வியப்பில்லை. தனிவீட்டில் 900 இருக்கலாம். அப்படியானால் சதுர அடிக்கு ஆகும் மொத்தச் செலவில் தனிவீடு 18 சதவீதம் மலிவு. டேப் எடுத்துக்கொண்டு போய் நீங்களே அளந்துவிடுங்கள். அந்தக் கூடுதல் 150 சதுர அடியை உங்கள் குடும்பம் உண்மையாகப் பயன்படுத்துமா என்பதுதான் கேள்வி. மாமியாருக்குத் தனியாகப் படுக்க ஒரு இடம் அதில் கிடைக்கிறது என்றால் மதிப்பு உண்டு. ஹால் பெரிதாகத் தெரிவதற்கு மட்டும் என்றால் இல்லை.

இவ்வளவும் பார்த்தபின் என் அபிப்பிராயம்: ஃபிளாட்டை எடுங்கள். பணத்தில் மாதம் 2-தான் வித்தியாசம். அந்த 2-க்காக 71 வயதில் மூட்டுவலியோடு ஒருவரை மாடிப்படி ஏற வைக்கக் கூடாது. படி ஏறச் சிரமப்படும் பெரியவர்கள் புதிய வீட்டுக்கு வந்தபின் மெல்ல மெல்ல வெளியே போவதையே நிறுத்திவிடுகிறார்கள். நம்மிடம் குறை சொல்லவும் மாட்டார்கள். பூங்காவுக்கும் கோயிலுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அவர் தன் விருப்பம் போல் போய்வர முடிவதற்கு எந்தக் கணக்கிலும் எண் போட முடியாது. தனிவீட்டுக்காரர் 5 சதவீத ஏற்றத்துக்கும் 5 மாத முன்பணத்துக்கும் ஒத்துக்கொண்டால் இரண்டு வருடக் கணக்கில் வித்தியாசம் 6-க்கு மேல் போகும். அப்போதும் உங்கள் குடும்பத்துக்கு நான் ஃபிளாட்டைத்தான் சொல்வேன். மாமியார் உங்களோடு இல்லாத குடும்பமாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

ஃபிளாட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டாம். ஐந்தாவது மாடி என்பதால் மின்சாரம் போனால் லிஃப்ட் ஓடுமா, ஜெனரேட்டர் எதற்கெல்லாம் இணைப்பு என்று முதலில் கேளுங்கள். லிஃப்ட் பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள் என்பதை அங்கே குடியிருக்கும் வயதானவர்களிடம் கேட்டால் சரியான பதில் வரும். போன வருடம் பராமரிப்புக் கட்டணம் கூடியதா, எவ்வளவு கூடியது என்று சங்கத்தில் விசாரியுங்கள். வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுவது, லிஃப்டையே மாற்றுவது போன்ற பெரிய வேலைகளுக்குச் சங்கம் தனியாக வசூலித்தால் அது வீட்டின் உரிமையாளர் கொடுக்க வேண்டியது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். 5 சதவீத ஏற்றம் வாடகைக்கு மட்டுமே, பராமரிப்புக்கும் வண்டி நிறுத்துவதற்கும் சேர்த்து அல்ல என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இரண்டு வருடத்துக்கு ஏற்றமே வேண்டாம் என்றும் கேட்டுப் பாருங்கள். அவருக்குக் குறையப்போவது 60, ஒரு மாத வாடகைகூட இல்லை.

முன்பணத்தைப் பற்றி நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு 5 வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2019 சட்டம் சொல்கிறது. ஜெர்மனியில் உச்சவரம்பு 3 மாதம். அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கலாம். நீங்கள் இருக்கும் இடத்தின் வரம்பை ஒரு வழக்கறிஞரிடமோ வாடகை அதிகாரியிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் எதுவானாலும் சரி, சாவியைத் திருப்பிக் கொடுத்த எத்தனை நாளுக்குள் முன்பணம் வரும், எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்ற இரண்டையும் எழுதி வாங்குங்கள். குடிபுகும் அன்றே சுவர், குழாய், கதவு, மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே கொடுங்கள்.

ஒப்பந்தம் யார் பெயரில் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் இருவர் பெயரிலும் போடுங்கள். முகவரிச் சான்று இருவருக்கும் தேவைப்படும். கணவர் வேலை நிமித்தம் வெளியூரில் இருக்கும்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவோ பழுதுக்குக் கேட்கவோ நீங்களே போகலாம். இருவரும் கையெழுத்திட்டால் வாடகைக்கு இருவருமே பொறுப்பு என்பதையும் தெரிந்து கையெழுத்திடுங்கள். முன்பணம் எந்த வங்கிக் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள்.